மாத்திரை எழுதாதவர் வீட்டுக்கு வந்து என்ன செய்யப் போகிறார்?

கேள்வி: எங்களுக்குத் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம். என் தம்பிக்கு 24 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் கோவையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்துவிட்டான். குளிப்பதில்லை, ராத்திரி தூங்குவதில்லை, சுவரைப் பார்த்துப் பேசுகிறான். பக்கத்து வீட்டார் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்கிறான். அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றித்தான் குடும்பம் நடக்கிறது. எங்கள் தாத்தா சுடலைமாடனுக்குச் சாமியாடியவர் என்பதால், சாமிதான் இவன் மேல் இறங்கியிருக்கிறது என்று அம்மா நம்புகிறாள். ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை போட்ட மூன்றாம் நாள் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, நாக்கு தடித்துவிட்டது. நிறுத்திவிட்டோம். பிறகு ஒரு நாள் அவன் ரொம்பக் கத்தியபோது அம்மா மிச்ச மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் போட்டாள். அவன் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து வாழைப்பழம், அவித்த முட்டை, பாக்கெட் பிஸ்கட் தவிர எதையும் தொடுவதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது சோசியல் ஒர்க்கரைப் பாருங்கள், தேவைப்பட்டால் வீட்டுக்கும் வருவார் என்றார்கள். 'மாத்திரை எழுதாத ஆளு வீட்டுக்கு வந்து என்னத்தச் செய்யப் போறாவ, தெருவுக்குத் தெரிஞ்சு மானம் போறதுதான் மிச்சம்' என்கிறாள் அம்மா. மாமா மகளைக் கட்டிவைத்தால் சரியாகிவிடும் என்றும் பேச்சு ஓடுகிறது. நான் பக்கத்து ஊரில் வாக்கப்பட்டவள். என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்த இடம் அந்த வாழைப்பழமும் முட்டையும் பிஸ்கட்டும்தான். மூன்றிலும் அடுத்தவர் எதையும் கலக்க முடியாது. ஒன்றுக்குத் தோல், ஒன்றுக்கு ஓடு, ஒன்றுக்கு ஒட்டிய பாக்கெட். யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று பயந்துகொண்டிருந்த பையன், அம்மா குழம்பில் எதையோ பொடித்துப் போடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டான். அந்தப் பயத்தோடேயே பசிக்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறான். இந்த மூன்று பொருளும் டாக்டரின் சீட்டில் ஏறாது. ஓ.பி.யில் கூட்டம் நிற்கும்போது 'சாப்பிடுகிறானா?' என்று கேட்பார், 'சரியாச் சாப்பிட மாட்டேங்கான்' என்பீர்கள், அதோடு முடிந்துவிடும். எதைச் சாப்பிடுகிறான், யார் கையால், எப்போதிலிருந்து என்று உட்கார்ந்து கேட்பது என்னைப் போன்றவர்களின் வேலை. அம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. மீதியையும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் 19 வருஷமாக மனநலச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைப்பது டாக்டருக்கே சரியில்லை, எனக்கு அறவே சரியில்லை. நீங்கள் எழுதியிருக்கிற மாதிரி சந்தேகம், தனக்குத்தானே பேச்சு, குளிக்காமல் இருப்பது எல்லாம் இந்த வயதில் வந்தால் மனச்சிதைவாக இருக்குமோ என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்த நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும். ஆனால் கஞ்சாப் பழக்கம், வலிப்பு, தைராய்டு இவையும் இதே மாதிரி வேஷம் போடும். கோவையில் யாரோடு தங்கியிருந்தான், என்ன பழக்கம் இருந்தது என்று அவனுடைய பழைய ரூம் நண்பர் யாரிடமாவது போனில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். திட்டாமல் கேளுங்கள். அந்த ஒரு தகவலுக்காக நாங்கள் மூன்று வாரம் அலைந்ததுண்டு.

கழுத்து இழுத்துக்கொண்டது உங்களையெல்லாம் பயமுறுத்தியிருக்கும். இவ்வகை மருந்துகளில் சிலவற்றுக்கு இது தெரிந்த பக்கவிளைவு. இள வயது ஆண்களுக்கு, மாத்திரை தொடங்கிய முதல் சில நாளில்தான் அதிகம் வரும். உடனே கொண்டுபோனால் ஊசி போட்டுச் சீக்கிரமே தளர்த்திவிடுவார்கள். அப்புறம் அளவைக் குறைப்பார்கள், இல்லையென்றால் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். மருந்துக்கு ஒன்றுக்கு நாலு வகை இருக்கிறது. இதை அன்றைக்கு உங்களிடம் யாராவது இரண்டு நிமிஷம் சொல்லியிருந்தால் இந்த ஒன்றரை வருஷம் வேறு மாதிரி போயிருக்கும். சொல்ல ஆள் இல்லாததற்கு உங்கள் அம்மா பொறுப்பில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை போட்ட மறுநாளே குரல்கள் அடங்கிவிடாது. தூக்கம் முதலில் வரும், சந்தேகம் குறைய வாரக்கணக்கில் ஆகும். பத்து நாளில் 'ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் எங்கள் ஓ.பி.யில் பாதிப் பேர்.

சாமி விஷயத்துக்கு வருகிறேன். நானும் இந்த மண்ணுக்காரிதான், கோயில் கொடைக்கு வரி கொடுத்து வளர்ந்தவள். சாமியாடுவதைக் கேலி பண்ணிவிட்டு உங்கள் அம்மாவிடம் பேச முடியாது, பேசவும் கூடாது. நான் இப்படிக் கேட்பேன்: 'ஆச்சி, உங்க மாமனாருக்குச் சாமி எப்ப வரும்?' கொடைக்கு வரும், மகுட மேளச் சத்தம் ஏறும்போது வரும், வில்லுப்பாட்டில் சுடலை கதை உச்சத்துக்குப் போகும்போது வரும். ஊரே சுற்றி நின்று கும்பிடும், குறி கேட்கும். திருநீறு பூசினால் மலையேறிவிடும். மறுநாள் காலையில் மனுஷன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவார். 'சரி, பேரனுக்கு எப்ப வருது?' மேளம் இல்லை, கொடை இல்லை, நடுராத்திரி, தனியாக, தினமும். வந்தது இறங்குவதும் இல்லை, வந்தவன் வேலைக்குப் போவதும் இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன். பெரும்பாலும் வீட்டில் மூத்தவர்களே 'இது வேற என்னமோ' என்று சொல்லிவிடுவார்கள்.

கோயிலுக்குப் போவதை நிறுத்தச் சொல்லவில்லை. சொரிமுத்தையனாரோ, உவரி அந்தோணியாரோ, போய்விட்டு வாருங்கள். மாத்திரையையும் கொண்டுபோங்கள். கட்டிப்போடுகிற இடத்தில் மட்டும் விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் (நம் நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி இல்லை, ராமநாதபுரத்து ஏர்வாடி) தர்காவை நம்பி நடந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கிடந்ததால் ஓட முடியவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. அதே ஏர்வாடி தர்காவில் பிறகு 'தவா துவா' என்று அரசுத் திட்டம் ஒன்று வந்தது. ஒரு பக்கம் ஓதுவார்கள், ஒரு பக்கம் மருந்து கொடுப்பார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது. நம்பிக்கையோடு சண்டை போட்டு நான் ஜெயித்ததே இல்லை.

இப்போது தெருவுக்குத் தெரிவது பற்றி. அம்மாவின் பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் நானே ஒரு குடும்பத்தைக் கெடுத்தேன். சேரன்மகாதேவி தாண்டி ஒரு ஊர். 'மனநலம்' என்று பெரிய எழுத்தில் எழுதிய ஜீப்பை நேராக வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். நான் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினேன். என்னவோ நல்லது செய்யப் போகிற மிதப்பு. ஜீப்புக்குப் பின்னால் பத்துப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள், எதிர்வீட்டுத் திண்ணையில் நாலு பேர் எழுந்து நின்றார்கள். அந்தத் தாய் கதவைப் பாதி திறந்து 'இங்க அப்படி யாரும் இல்லம்மா' என்றாள். அதற்கப்புறம் மாத்திரை வாங்கவும் அவள் வரவில்லை. எட்டு மாதம் கழித்து அந்தப் பையனை ஜங்ஷனில் இருந்து போலீஸ்காரர் ஒருவர் கூட்டி வந்தார், காலில் புண்ணோடு.

அன்றிலிருந்து நான் பஸ்ஸில்தான் போகிறேன். அட்டை பைக்குள் இருக்கும். வருவதற்கு முன்னால் எப்படி வர வேண்டும் என்று வீட்டாரிடமே கேட்பேன். சிலர் ஊருக்கு வெளியே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கலாம் என்பார்கள். சிலர் மகள் வீட்டுக்கு வரச் சொல்வார்கள். உங்களுக்கு அது தோதாக இருக்கும் என்று நினைக்கிறேன்: நீங்கள் பக்கத்து ஊர்தானே, உங்கள் வீட்டில் வைத்து அம்மாவை முதலில் சந்திக்கலாம். நோயாளியைப் பற்றிய விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்பதும் அந்த 2017 மனநலச் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரிப் பணியாளரிடமும் இதைத் துணிந்து கேளுங்கள்: 'எப்படி வருவீங்க, யார் கேட்டால் என்ன சொல்வீங்க?' இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாதவரை வீட்டுக்கு விட வேண்டாம்.

வந்தவர் என்ன செய்வார்? முதல் நாள் ஒன்றுமே செய்யாத மாதிரிதான் இருக்கும். திண்ணையில் உட்காருவார். அம்மா மடியில் சுளகை வைத்து இலையைச் சுருட்டிக்கொண்டிருப்பாள், அவர் பாட்டுக்குப் பேச்சுக் கொடுப்பார். ஒரு நாளைக்கு எத்தனை ஓடும், கடையில் எவ்வளவு கழிப்பார்கள், எத்தனை மணிக்கு உட்கார்ந்து எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள். பீடிக் கணக்கு இவருக்கு எதற்கு என்று தோன்றும். சொல்கிறேன்.

லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்று ஒரு சமூகவியலாளர் இருந்தார். 1950-களில் அவரும் கூட இருந்தவர்களும் மனநல மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போன ஆண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட, உடன்பிறந்தவர்களிடமோ வாடகை அறைக்கோ போனவர்கள் நன்றாக இருந்தார்கள். எல்லோருக்கும் ஆச்சரியம். பாசம் இருக்கிற இடத்தில் நோய் ஏன் திரும்புகிறது? தோண்டிப் பார்த்தபோது பாசத்தில் குறையில்லை, பேச்சில்தான் விஷயம் என்று தெரிந்தது. ஓயாத குறை சொல்லல், எரிச்சல், அளவுக்கு மீறித் தாங்குவது. பின்னால் வந்த ஆய்வுகளில் ஒரு கணக்கும் சேர்ந்தது: அப்படிப்பட்ட பேச்சுள்ள ஒருவரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தால் நோய் திரும்புவது அதிகம்.

உங்கள் வீட்டைப் பாருங்கள். இரண்டு அறைதான் இருக்கும். அம்மா காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை வாசல் பக்கம் பீடியோடு. தம்பி பத்தடி தள்ளிப் பாயில். 35 மணி நேரம் நாலு நாளிலேயே முடிந்துவிடும். அந்த நேரம் முழுக்க என்ன பேச்சு ஓடும் என்று எனக்குத் தெரியும், எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். 'ஏலே, குளிச்சா என்னல?' 'மூணாவது வீட்டுப் பய துபாயில இருக்கான், நீ சோத்துக்குக் கேடா கெடக்கியே.' 'உங்கப்பன் இருந்தா இப்படி இருப்பியா?' அம்மா கொடுமைக்காரி இல்லை. பயந்துபோய்க் கிடக்கிறாள், பயம் அவளுக்கு வாய் வழியாக வருகிறது, அவ்வளவுதான். ஆனால் குளிக்காததைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிற வரை அந்த வாய் ஓயாது. குளிக்காமல் கிடப்பது நோயின் ஒரு பாகம், கால் ஒடிந்தவன் நடக்காத மாதிரி என்பதைப் புரியவைக்க எனக்கு மூன்று நாலு சந்திப்பாவது ஆகும்.

அதுவரைக்கும் ஒரு எளிய காரியம் பண்ணலாம். அம்மாவைக் காலையில் மூன்று மணி நேரம், சாயந்திரம் இரண்டு மணி நேரம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து பீடி சுற்றச் சொல்லுங்கள். சம்பளம் குறையாது. பேச்சுத் துணை கிடைக்கும், அவளுக்கு அது வேண்டியிருக்கிறது. பையனுக்கு வீட்டில் கொஞ்சம் அமைதி கிடைக்கும். இது மருந்துக்குப் பதில் இல்லை, மருந்து வேலை செய்ய இடம்விடுவது.

சாப்பாட்டை நீங்கள் கையில் எடுங்கள். குழம்பில் கலப்பது இனி ஒருபோதும் கூடாது. 'அன்னைக்கு அம்மா மாத்திரையப் போட்டது நெசந்தான், அது தப்பு, இனிப் போட மாட்டா' என்று அவனிடம் நேராகச் சொல்லுங்கள். அவன் கண்டதில் ஒன்று உண்மை என்று யாராவது ஒப்புக்கொண்டாக வேண்டும். அம்மாவே சொன்னால் இன்னும் நல்லது, ஆனால் கட்டாயப்படுத்த வேண்டாம். நீங்கள் போகிற நாளில் அவன் கண் முன்னால் தோசை ஊற்றுங்கள், முதல் தோசையை நீங்கள் பிய்த்துச் சாப்பிடுங்கள், அதே கல்லில் அடுத்ததை அவனுக்கு. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். முட்டையும் பழமும் தாராளமாக வாங்கிவையுங்கள். பக்கத்து வீட்டார் கொல்ல வருகிறார்கள் என்று அவன் சொன்னால் வாதாட வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். 'உனக்கு ரொம்பப் பயமா இருக்கு போல, ராத்திரி தூக்கமே இல்லையே' என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு அழைப்பதையும் இந்தத் தூக்கத்தை வைத்தே அழைக்கலாம். 'உனக்குக் கிறுக்கு' என்றால் யார் வருவார்? 'தூக்கத்துக்கு ஒரு மருந்து வாங்குவோம், போன தடவ கழுத்த இழுத்த மாத்திர வேண்டாம்னு நானே டாக்டர்ட்ட சொல்லுதேன்' என்றால் வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பொய்யும் இல்லை.

எவ்வளவு சொல்லியும் வர மறுத்தால்? முதல் தடவை நீங்கள் மட்டும் போங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் முறை வைத்து வரும், உங்களுக்குப் பக்கத்தில் எங்கே, என்றைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் 14416-க்குப் போன் போட்டுப் பேசலாம். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச எண், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ஆனால் அவன் அந்த முட்டையையும் பழத்தையும்கூட விட்டுவிட்டாலோ, சாகப் போகிறேன் என்று சொன்னாலோ, அரிவாளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாலோ காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். அவனால் முடிவெடுக்க முடியாத நிலையில் அவன் சார்பில் ஒரு பிரதிநிதி விண்ணப்பித்து, டாக்டர்கள் பார்த்துச் சரி என்றால் 30 நாள் வரை உள்ளே வைத்துப் பார்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்தக் காகித வேலையும் எங்கள் தலையில்தான்.

மாமா மகள் விஷயம். வேண்டாம். இதைச் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியவில்லை. கல்யாணமான மூன்றாவது வாரம் புருஷனின் பீரோவுக்கு அடியில் கிடைத்த மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு 'இது என்ன மாத்திர மேடம்?' என்று எங்களிடம் வந்து நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யார் பதில் சொல்வது? கல்யாணச் சந்தடியில் தூக்கம் கெட்டு, புது ஆள், புதுப் பொறுப்பு என்று வந்து இவனுக்கும் நோய் முற்றும். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில், இப்படிப்பட்ட நிலையில் நடந்த கல்யாணத்தைச் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லிக் கேட்க இடமும் இருக்கிறது. மருந்து எடுத்து, நன்றாகி, வேலைக்குப் போய், அவனே ஆசைப்பட்டு, பெண்ணிடம் எல்லாம் சொல்லி, அவளும் சரி என்றால் அது வேறு கதை. அப்படி நடந்த கல்யாணங்களுக்கு நான் போய்ச் சாப்பிட்டும் இருக்கிறேன்.

வேலை என்றதும் நினைவுக்கு வருகிறது. லேத் தெரிந்த பையன். உடம்பு தேறியதும் உடனே கோவைக்கு அனுப்பாதீர்கள், நைட் ஷிப்ட் அவனுக்கு ஆகாது. முக்கூடலிலோ அம்பையிலோ ஒரு வெல்டிங் பட்டறையில் பகலில் இரண்டு மணி நேரம், சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று தொடங்கலாம். பட்டறைக்காரரிடம் போய்ப் பேசுவதும் எங்கள் வேலைதான். மாற்றுத்திறனாளி அட்டை, உதவித்தொகை எல்லாம் மனநோய்க்கும் உண்டு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று டாக்டர்கள் எழுத வேண்டும். அதற்கு இப்போது ஓட வேண்டாம். மருந்து தொடங்கி அவன் எவ்வளவு தேறுகிறான் என்று பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

அம்மாவைச் சம்மதிக்க வைத்துவிட்டு வரலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். இந்த வாரமே நீங்கள் போங்கள். பழைய டாக்டரின் சீட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அம்மா பொடித்தது போக மிச்சம் கிடக்கிற மாத்திரை அட்டை போதும், அடுக்களையில் அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கும், பெரும்பாலும் அங்கேதான் வைப்பார்கள். எந்த மருந்து கழுத்தை இழுத்தது என்று டாக்டர் அதைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்.